மோட்டார் அறையில் என் கையெழுத்து

எங்கள் அண்ணி மேல் எனக்குப் பன்னிரண்டு வருஷக் கோபம் ஒன்று உண்டு. அண்ணன் மனைவி என்பதற்காக அதை மறைத்து எழுதப் போவதில்லை. அண்ணனும் அண்ணியும் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார் அறையில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நான் சொன்னது தப்பு என்று என் கைப்பட எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முப்பது வருஷமாக மோட்டார் ரிப்பேர் செய்கிறவன் நான். அந்த அறைக்கு எலெக்ட்ரீஷியன் வருகிறான், பெயின்டர் வருகிறான், தொட்டி கழுவுகிறவர்கள் வருகிறார்கள். எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒருவன் என் கடைக்கே வந்து, "அந்தத் தாள்ல இருக்கிறது நீங்கதானே அண்ணே?" என்று கேட்டான். அவன் கொண்டுவந்த மிக்சியைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணி எட்டாவது வரை படித்தவர். நான் ஆறாவது. அந்த இரண்டு வகுப்பு வித்தியாசத்தை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

அண்ணிக்கு வேலை, தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவது. கூடத்தின் பின்பக்கம் நீளமான ஒரு கல்தொட்டி. அதன் மேலே மரப்பலகையில் வரிசையாக முளைகள். அதில் பாட்டில்களைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் மூன்று முறை அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில் ஒரு முறை அலச வேண்டும். இருபத்தெட்டு வருஷம் இதைச் செய்தார். விரல் நுனிகள் எப்போது பார்த்தாலும் ஊறிச் சுருங்கியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட.

அங்கே ஒரு வழக்கம். பரிசோதனைக்கு வரும் தண்ணீர் பாட்டில்களோடு, வெறும் சுத்தத் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலையும் சேர்த்து வைப்பார்கள். மற்றதற்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வார்கள். எதுவும் இருக்கக்கூடாத அந்தப் பாட்டிலில் ஏதாவது இருக்கிறது என்று வந்தால், கோளாறு தண்ணீரில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம். கூடத்தில் அதற்கு ஏதோ பெயர் இருந்தது. அண்ணி அதை 'வெறும் பாட்டில்' என்றுதான் சொல்வார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஏழு கிணறுகளின் தண்ணீர் வந்தது. ஏழிலும், சாக்கடை கலந்தால் வருமே, அந்த உப்பு இருந்தது. கிணறுகளை மூட உத்தரவு தட்டச்சாகிக்கொண்டிருந்தது. வெறும் பாட்டிலிலும் அதே உப்பு. பாட்டில் மாறிப்போயிருக்கும் என்று மேலே உள்ளவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பின்பக்கம் தொட்டியில் நின்றுகொண்டிருந்த அண்ணி, தான் கழுவியதை மனசுக்குள் திரும்ப எண்ணிப் பார்த்தார். அந்த வாரம் சோப்புத் தூள் புதுசு, அதிலேயே அந்த உப்பு இருந்திருக்கலாம். குழாயில் தண்ணீர் சொட்டு சொட்டாக வந்ததால், மூன்று அலசல் இரண்டாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஈரக் கையோடு அதிகாரி மேசைக்குப் போய், "கழுவுனது நான்தான் சார். சரியா அலசல" என்றார். அதிகாரி கத்தின கத்தலில் தட்டச்சு நின்றதாம். மறுபடி கழுவி, மறுபடி பார்த்தார்கள். ஏழில் ஆறு கிணறு நல்ல தண்ணீர்.

"அப்ப ஏழாவது?" என்று நான் கேட்டேன், இந்தக் கதையை முதல்முறை கேட்டபோது.

"அது நிஜமாவே சாக்கடை" என்றார் அண்ணி. "அதனாலதான் தம்பி பயமா இருக்கு. நாம சொன்னது ஒரு இடத்துல சரியாப் போச்சுன்னா, எல்லா இடத்துலயும் சரின்னு நினைச்சுக்கிறோம்."

அன்றிலிருந்து எதற்கும் அவரிடமிருந்து ஒரே கேள்வி. இரண்டு முட்டியும் வலித்த என் மனைவி, ஒன்றில் மட்டும் ஒரு எண்ணெயைத் தேய்த்து வலி ஒரு வாரத்தில் போய்விட்டது என்றாள். "தேய்க்காத முட்டி எப்படி இருக்கு?" என்றார் அண்ணி. அதிலும் வலி போயிருந்தது. என் மனைவி அந்த எண்ணெய்ப் புட்டியை அண்ணி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள், இரண்டு மாதம் பேசவில்லை. அண்ணன் தையல்காரர், அதிகம் பேசாதவர். வாய் நிறைய ஊசிகளை வைத்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்: "நான் கல்யாணம் பண்ணப்பதான் வெறும் பாட்டில் வைக்க மறந்துட்டேன்டா. கல்யாணம் பண்ணாம இருந்திருந்தா எப்படி இருந்திருப்பேன்னு இனிமே தெரியவே தெரியாது."

இனி அந்தத் தாளின் கதை.

குடியிருப்பின் மோட்டார் அறை பாதி தரைக்குக் கீழே. நாலு படி இறங்க வேண்டும். உள்ளே இரண்டு பம்புகள். ஒன்றாம் நம்பர், தரைத்தொட்டியின் திறப்பை ஒட்டினாற்போல். இரண்டாம் நம்பர் கதவோரம். ஒருநாள் இது, ஒருநாள் அது என்று மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே வருஷத்தில் நாலு முறை பேரிங் போனது. மூன்று முறை ஒன்றாம் நம்பர், ஒரு முறை இரண்டாம் நம்பர். நாலு முறையும் நான்தான் கழற்றினேன். உள்ளே கிரீஸ் காய்ந்து, கருகி, பொருக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கிரீஸ் வைக்கவில்லை என்று சொல்ல வேறென்ன வேண்டும்? பம்பு ஓட்டுகிறவரை நாங்கள் ஆபரேட்டர் என்றே கூப்பிடுவோம். நாலு முறையும் அவரை நன்றாகத் திட்டினேன்.

நாலாவது முறை குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் படியில் நின்றுகொண்டிருந்தார். மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாள்.

"இவர் கிரீஸே வைக்கிறதில்ல சார்" என்றேன்.

"வாரா வாரம் வைக்கிறேன். நீங்க திட்டினதுக்கு அப்புறம் இன்னும் அதிகமாவே வைக்கிறேன்" என்றார் ஆபரேட்டர்.

"வெச்சா பேரிங் ஏன் போகுது?"

செயலாளர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "நீங்க வேலை தெரிஞ்சவர். உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆளை மாத்திடறோம்."

ஆபரேட்டரின் குடும்பம் அந்த அறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்தேன். அதற்குள் மேல் படியில் ஒரு காலி வாளி தெரிந்தது, வாளிக்குப் பின்னால் அண்ணி.

"தம்பி, ஒரு சந்தேகம்."

இந்த மூன்று வார்த்தை கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுந்து போய்விடுவோம். மோட்டார் அறையில் போக இடமில்லை.

"அவர் கிரீஸ் வெச்சும் பேரிங் போச்சுன்னா என்ன சொல்வீங்க?"

"பத்தலன்னு சொல்வேன்."

"நிறைய வெச்சிருந்தா?"

"சரியா வைக்கலன்னு சொல்வேன்."

"சரியாவே வெச்சிருந்தா?"

"சரியா வெச்சிருந்தா அது ஏன் அண்ணி போகுது?"

அண்ணி வாளியைக் கீழே வைத்தார். "அப்ப பம்புக்கு என்ன ஆனாலும் நீங்கதான் சரி. எது நடந்தாலும் சரின்னா, நீங்க பம்பைப் பத்தி இன்னும் ஒண்ணுமே சொல்லலன்னு அர்த்தம்."

செயலாளர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடேறியது. "கிரீஸ் வெச்ச உடனே சத்தம் நிக்குது அண்ணி. என் கண்ணால, காதால பார்த்தது. இதுக்கு மேல என்ன சாட்சி?"

"அழுற குழந்தைகிட்ட கிலுகிலுப்பைய ஆட்டினா அழுகை நிக்குது. அப்ப கிலுகிலுப்பை இல்லாததாலயா அழுதுச்சு? பசியா இருக்கும், எறும்பு கடிச்சிருக்கும்."

"நான் குழந்தை வளர்க்கல. மோட்டார் பார்க்கிறேன்."

"சரி, மோட்டாரையே கேட்போம். எது நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க? அதை முதல்ல எழுதுங்க. நடந்ததுக்கு அப்புறம் எழுதினா கை வளைஞ்சுக்கும்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்றாம் நம்பருக்கு வாரம் ஒரு முறை, நானே வந்து, கிரீஸை உள்ளே தள்ளும் கிரீஸ் கன்னால் ஆறு அழுத்து. இரண்டாம் நம்பருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டே அழுத்து. இரண்டும் புது பேரிங். இரண்டாம் நம்பர் முதலில் போனால் நான் சொன்னது சரி. ஒன்றாம் நம்பர் முதலில் போனால் தப்பு. கையெழுத்தும் போட்டேன். அதுவரைக்கும் ஆபரேட்டர் வேலையில் இருக்கட்டும் என்று செயலாளரும் ஒத்துக்கொண்டார். ஆபரேட்டர் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கூரை இரண்டு பேரிங்கில் நிற்கிறது.

ஒன்றாம் நம்பரைக் கெடுத்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம், இரண்டாம் நம்பரை நான் கெடுப்பேனோ என்று அவருக்கு. இரண்டுக்கும் சேர்த்து அண்ணி கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னார். சாவி செயலாளரிடம். தினமும் அண்ணி வேலைக்குப் போகும் முன் சாவி வாங்கி, ஆபரேட்டர் பம்பைப் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும், பேரிங் மூடிமேல் உள்ளங்கையை வைத்து எண்ணுவார். சூடு தாங்காமல் கையை எடுக்கும் வரை எத்தனை வந்ததோ, அதை நோட்டில் குறித்துக்கொள்வார். பரிசோதனைக் கூடத்து நோட்டு, கட்டம் போட்டது.

முதல் வாரம் இரண்டும் நாற்பதைத் தாண்டியது. மூன்றாம் வாரம், நான் ஆறு அழுத்து வைத்த மறுநாள், ஒன்றாம் நம்பர் பதினெட்டு. "உங்க கை மெலிசு அண்ணி" என்றேன். என் கையை வைத்துப் பார்த்தேன். பதினொன்று. அண்ணியைவிட முன்னால் எடுத்துவிட்டேன். இரண்டாம் நம்பர் அப்போதும் நாற்பது. அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபம் இல்லை. கிரீஸ் வைத்த பேரிங் ஏன் சுட வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து நாளெல்லாம் யோசித்தேன். அளவுக்கு மேல் நிரம்பினால் பேரிங்குக்குள் இருக்கும் உருளைகள் கிரீஸையே பிசைந்து பிசைந்து சூடாக்கும். சூட்டில் எண்ணெய் பிரிந்து ஓடும். மிச்சம் கருகும். கருகினதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு முட்டாள் கிரீஸே வைக்கவில்லை என்பான். திட்டு வாங்கின ஆபரேட்டர் பயந்து இன்னும் வைப்பார்.

ஏழாம் வாரம் ஒன்றாம் நம்பர் போனது. தாளின் அடியில், 'நான் சொன்னது தப்பு' என்று எழுதினேன். அண்ணி அதை வாங்கி, மடிக்காமல், சுவரில் ஒட்டினார்.

"வீட்டுல வெச்சுக்கக் கூடாதா?" என்றேன்.

"பம்பைப் பத்தினது பம்பு பக்கத்துலதான் இருக்கணும்."

ஆபரேட்டர் வேலை தப்பியது. அதற்கப்புறம் இரண்டு பம்புக்கும் கொஞ்சமாகவே கிரீஸ், பேரிங் வருஷக்கணக்கில் நின்றது. எனக்குப் பெயர் கெட்டது. ஆனாலும் என் கையில் வந்த எல்லா மோட்டாருக்கும் கிரீஸைக் குறைத்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

போன வருஷம் அண்ணி ஓய்வு பெற்றார். கொஞ்ச நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஜன்னலோரம் கட்டிலை நகர்த்திப் போட்டார்கள். புது மாத்திரையில் மூச்சு கொஞ்சம் சீரானது என்று அண்ணன் சந்தோஷப்பட்டபோது, "மாத்திரை குடுத்த அன்னைக்குத்தான் கட்டிலையும் ஜன்னலுக்கு நகர்த்துனீங்க" என்றாராம். அண்ணன், "மறுபடி உள்ளே தள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் முன்னால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். மடியில் அந்தப் பழைய கட்டம் போட்ட நோட்டு.

"தம்பி, ஒரு சந்தேகம்."

இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை.

"அந்த வருஷம் நாலு பேரிங்ல மூணு ஒண்ணாம் நம்பர். அப்ப ரெண்டுக்கும் ஒரே மாதிரிதானே கிரீஸ் வெச்சார். ஏன் மூணு அங்க, ஒண்ணு இங்க?"

யோசித்தேன். "அது தரைத்தொட்டி பக்கத்துல இருக்கு. அப்ப மூடி இல்ல. ஈரம்."

"ஆமாம். ஈரத்துல நின்ன பம்புக்கே கிரீஸையும் அதிகமா வைக்கச் சொன்னேன். கிரீஸ் கன் அந்தப் பக்கம் தொங்குச்சு, கைக்கு வசதின்னு சொல்லிட்டேன். செத்தது கிரீஸாலயா, ஈரத்தாலயா?"

"சூடு பார்த்தோமே அண்ணி. கிரீஸ் வெச்சாத்தான் சுட்டுச்சு."

"சுட்டுச்சு. சுட்டதாலதான் செத்துச்சான்னு நமக்குத் தெரியுமா? ஈரத்துல துரு பிடிச்சும் செத்திருக்கலாம்ல."

"அதுக்கப்புறம் பன்னிரண்டு வருஷம் கொஞ்சமா வெச்சு நல்லாத்தானே ஓடுது?"

"அதே மாசம் எலி விழுந்துச்சுன்னு செயலாளர் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டார். ஞாபகம் இருக்கா? ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டோம்."

அப்போதுதான் எனக்குள் பன்னிரண்டு வருஷமாகக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது. மறைக்க முடியவில்லை. "அப்ப நான் சொன்னது சரியா அண்ணி?"

அண்ணி சிரித்தார், சிரிப்பு இருமலானது. "அதிகக் கிரீஸ்தான் கெடுத்துச்சுன்னு நான் சொன்னது தப்புன்னு ஆகலாம். அதனால நீங்க சொன்னது சரின்னு ஆகாது. ரெண்டு பேரும் தப்பா இருக்க நிறைய இடம் இருக்கு."

தோற்றவனுக்கு மறுபடி விளையாடக் கூப்பிட்டுத் தோற்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் எனக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. என் மோட்டார்களின் கதையையும் அன்றைக்குச் சொன்னேன். எல்லாவற்றிலும் கிரீஸைக் குறைத்துவிட்டேன், நன்றாகத்தான் ஓடுகிறது என்று.

"குறைக்காம விட்டது எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல."

"வெறும் பாட்டில் எங்க தம்பி?"

"இவ்வளவு தெரிஞ்சும் பன்னிரண்டு வருஷம் ஏன் சொல்லல?"

அண்ணி மடியிலிருந்த நோட்டை மூடினார். "மூடி போட்ட அன்னைக்கே மனசுல உறுத்துச்சு. ஆனா ஜெயிச்சுட்டேனே. ஜெயிச்சவ நோட்டைத் திரும்பப் புரட்டுவாளா? ஆபரேட்டர் வேலையும் நின்னுச்சு. நல்லது நடந்துச்சு, போதும்னு விட்டுட்டேன். நல்லது நடந்தா அது உண்மைன்னு ஆயிடுமா?"

புதுத் தாளில் இந்த முறை அண்ணி எழுதினார். இப்போது தொட்டிக்கு மூடி இருக்கிறது, ஈரம் இல்லை. இரண்டு பம்புக்கும் புது பேரிங். ஏதாவது ஒன்றுக்கு மட்டும் பழையபடி வாரம் ஆறு அழுத்து. எட்டு வாரத்தில் அது கெட்டால் அண்ணி சொன்னது சரி. எட்டு வாரம் தாண்டியும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அண்ணி சொன்னது தப்பு. கையெழுத்துப் போடும்போது அவர் விரல் நுனியைப் பார்த்தேன். சுருக்கம் போய், எல்லோர் விரல் மாதிரி ஆகியிருந்தது.

எந்தப் பம்பு என்று ஆபரேட்டர் மட்டும் முடிவு செய்து, எழுதி, கவரில் போட்டு ஒட்ட வேண்டும். நான் வாரம் ஒரு முறை போய் ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, கேட்டதை எழுத வேண்டும். எனக்கு எது என்று தெரியக்கூடாது.

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க காது நல்ல காது. ஆனா காதுக்கும் கோபம் இருக்கு. பன்னிரண்டு வருஷக் கோபம்."

என் கோபம் அண்ணிக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஆபரேட்டரிடம் சொன்னபோது தலைமுடி நரைத்த அந்த மனிதர், "நான் கிரீஸ் வெச்சேன்னு அன்னைக்கு நம்பின ஒரே ஆள் அவங்க" என்றார். நான் திருத்தினேன். "நம்பல. பார்க்கலாம்னு சொன்னாங்க." அவர் யோசித்துவிட்டு, "அதுவே போதுமா இருந்துச்சு" என்றார். கசிகிற கிரீஸைத் துடைத்து, நான் வரும் நாளில் இரண்டு பம்பின் மேலும் துணி போட்டு மூடி வைக்கிறார். கவர் செயலாளரின் அலமாரியில்.

முதல் வாரம் இரண்டும் சுத்தமான சத்தம். இரண்டாம் வாரம் ஒன்றில் மணல் தேய்வது போல் மெல்லிசாக ஏதோ. மூன்றாம் வாரம் அது இல்லை. நாலாம் வாரம் மற்றதில் இருந்தது போல் தோன்றியது. எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. 'தோணுச்சு'ன்னு எழுதுனீங்க பாருங்க, அது பிடிச்சிருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

இதை எழுதும்போது ஆறாவது வாரம் நடக்கிறது. அண்ணி ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை போய்விட்டார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் போயிருந்தேன். அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு தேவைப்பட்டது. நான் ஆறுதலாக, "நீங்க சொன்னதுதான் அண்ணி சரியா இருக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, சரியாக அலசாத பாட்டிலைப் பார்க்கிற பார்வை.

"கவரைப் பிரிச்சீங்களா?"

"இல்ல."

"எட்டு வாரம் முடியற வரைக்கும் பிரிக்காதீங்க. எது வந்தாலும் அதே அளவு எழுத்துல எழுதி உங்க தாள் பக்கத்துல ஒட்டுங்க." மூச்சு விட்டுக்கொண்டார். "நாளைக்கு நாலு பேர் வருவாங்க. உங்க அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உங்களையும் சொல்லச் சொல்வாங்க. என்னைப் பத்திக் கேட்டாலும் சரி, பம்பைப் பத்திக் கேட்டாலும் சரி, இன்னும் தெரியலன்னு சொல்லுங்க தம்பி."